பட்டியல் வருமுன்: விமான நிறுவனங்கள் இணையும்போது இளம் விமானி செய்ய வேண்டியவை

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் என் எதிரே தே தாரிக் ஆறிக்கொண்டிருந்தது. குடிக்க வேண்டிய தம்பி அதைத் தொடவே இல்லை. துணை விமானியாகச் சேர்ந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை அவனுக்கு. அவன் வேலை பார்க்கும் நிறுவனம் இன்னொன்றோடு சேரப்போகிறது என்று பேச்சு அடிபடுகிறது. எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். "அண்ணே, சீனியாரிட்டிப் பட்டியல் எப்போ வரும்? வந்ததும் யார்கிட்ட அப்பீல் பண்றது?" என்றான்.

சீனியாரிட்டிப் பட்டியல் என்பது விமானிகளின் மூப்பு வரிசை, அதில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பட்டியல் வந்த பிறகு பேசுவதற்கு இந்த ஊரில் அதிகம் மிச்சமிருக்காது என்றேன். அறிவிப்பு வரும் நாளுக்கும், மாற்றல் கடிதத்தில் நீங்கள் கையெழுத்துப் போடும் நாளுக்கும் இடையில்தான் எல்லாம் நடக்கிறது. பலர் அந்த இடைவெளியை வாட்ஸ்அப் வதந்தி படித்தே கழித்துவிடுகிறார்கள். அன்று அவனுக்கு வாய்வழியாகச் சொன்னதை, புதிதாக வேலைக்கு வந்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன். நான் ஓய்வுபெற்ற விமானி, வழக்கறிஞர் இல்லை. கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கடிதத்தைக் காட்டுவது நல்லது.

எண் எதற்கு?

ஒரு கணக்காளர் பத்து வருட அனுபவத்தோடு வேறு கம்பெனிக்குப் போனால் அந்தப் பத்து வருடமும் கூடவே போகும். விமானிக்கு லாக்புக்கும் உரிமமும் மட்டும்தான் கூட வரும். வேகமாக வளரும் சில நிறுவனங்கள் வெளியிலிருந்து நேரடியாகக் கேப்டன்களை எடுப்பதுண்டு. மற்றபடி புது இடத்தில் வரிசையின் கடைசிதான். அதனால்தான் இந்த எண்ணுக்காக விமானிகள் இப்படி மல்லுக்கு நிற்கிறார்கள்.

அமெரிக்காவில் எந்த ஊரிலிருந்து பறப்பது, எந்த விமானம், எந்த மாதம் லீவு, எப்போது கேப்டன், ஆள் குறைத்தால் முதலில் யார் வெளியே என்று எல்லாவற்றையும் அந்த எண்ணே முடிவு செய்கிறது. நம் பக்கத்தில் அவ்வளவு இறுக்கம் கிடையாது. கமாண்ட், அதாவது கேப்டன் பதவி, கிடைக்கப் பயிற்சிப் பதிவு, சிமுலேட்டர் மதிப்பீடு, பறந்த மணிநேரம், மேலே இருப்பவர்களின் அபிப்பிராயம் எல்லாம் சேரும். ஆனாலும் தகுதி சமமாக உள்ள இருவரில் யாரை முதலில் கமாண்ட் பயிற்சிக்குக் கூப்பிடுவது என்ற கேள்வி வந்தால் வரிசைதான் பேசும். மூன்று வருடம் தள்ளிப்போனால் அந்த மூன்று வருடத்துக் கேப்டன் சம்பளம் போனது போனதுதான். வீவக வீட்டுக் கடன் கட்டுபவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

முதல் வேலை: தேதியைப் பிடியுங்கள்

"நீங்கள் வேலையில் சேர்ந்த நாள் எது?" என்று கேட்டால் எல்லாரும் உடனே ஒரு தேதி சொல்வார்கள். நிறுவனத்தின் கோப்பில் அதே தேதிதான் இருக்கிறதா என்று பார்த்தவர்கள் குறைவு. நியமனக் கடிதத்தில் கையெழுத்திட்ட நாள், தரைப்பயிற்சி தொடங்கிய நாள், டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதி) கிடைத்த நாள், லைன் செக் (வழக்கமான பயணத்தில் வைக்கும் இறுதிச் சோதனை) முடித்து முழு விமானியான நாள் என்று நான்கு தேதிகள் உங்கள் கோப்பில் இருக்கலாம். முதலாவதுக்கும் கடைசிக்கும் இடையே எளிதாக ஒரு வருடம் ஓடியிருக்கும். கேடட்டாக, அதாவது நிறுவனத்தின் பயிற்சி மாணவராக, வந்தவர்களுக்கு இன்னும் அதிகம்.

நான் வெளிநாட்டில் பறந்த காலத்தில் இரண்டு நிறுவனங்கள் சேர்ந்தன. ஒரு தரப்பு தரைப்பயிற்சி தொடங்கிய நாளை வைத்து வரிசை போட்டிருந்தது, மறு தரப்பு லைன் செக் நாளை வைத்து. இரண்டையும் அப்படியே ஒரே எக்செல் தாளில் ஒட்டி, தேதிப்படி அடுக்கிவிட்டார்கள். எங்கள் தரப்பில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஏழெட்டு மாதம் இளையவர்களாகிப் போனோம். சரி செய்ய இரண்டு வருடம் பிடித்தது. எனக்கு மட்டும் இன்னும் நான்கு மாதம் கூடுதலாகப் பிடித்தது. காரணம் வெட்கக்கேடானது: தரைப்பயிற்சிக்கு வரச்சொல்லி வந்த மின்னஞ்சல் நிறுவனத்தின் கணக்கில் மட்டும் இருந்தது. இணைப்புக்குப் பிறகு அந்தக் கணக்கை மூடிவிட்டார்கள். கடைசியில் அதே வகுப்பில் படித்த நண்பர் ஒருவர் பழைய கைப்பையிலிருந்து முதல் நாள் வருகைப் பதிவின் நகலைத் தேடி எடுத்துக் கொடுத்தார். காபிக் கறை படிந்த தாள், ஆனால் தேதி தெளிவாகத் தெரிந்தது.

அதனால் இன்றைக்கே நியமனக் கடிதம், பயிற்சிக்கான அழைப்பு, டைப் ரேட்டிங் சான்றிதழ், லைன் செக் படிவம், கடைசியாக வெளியான சீனியாரிட்டிப் பட்டியல் எல்லாவற்றையும் உங்கள் சொந்தக் கணக்கில் சேமித்துவிடுங்கள். உங்கள் சொந்தப் பணி ஆவணங்களை மட்டும் எடுங்கள். நிறுவனத்தின் ரகசியத் தாள்களை அள்ளிக்கொண்டு வந்து வேறு வம்பில் மாட்டாதீர்கள். ஒரே நாளில் சேர்ந்த வகுப்புக்காரர்களுக்குள் வரிசை எப்படிப் போட்டார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். வயதா, பணியாளர் எண்ணா, பயிற்சியில் எடுத்த மதிப்பெண்ணா? இரண்டு நிறுவனங்களும் இதில் ஒரே வழக்கம் வைத்திருப்பது அபூர்வம்.

இரண்டாவது: நாள்காட்டியை வரையுங்கள்

இணைப்பு ஒரே நாளில் நடப்பதில்லை. சில்க்ஏர் நிறுவனத்தைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குள் கொண்டுவரப்போவதாக அறிவித்தது 2018 மே மாதம். சில்க்ஏரின் 737 விமானங்கள் தாய் நிறுவனத்தின் பெயரில் பறக்கத் தொடங்கியது 2021 மார்ச்சில். இடையில் கோவிட் வந்து, 2020 செப்டம்பரில் குழுமம் முழுவதும் ஏறக்குறைய 4,300 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தார்கள். ஸ்கூட்டும் டைகர்ஏரும் 2016 மே மாதம் ஒரே தாய் நிறுவனத்தின் கீழ் வந்தன, 2017 ஜூலை 25 அன்று ஒரே பெயரில், ஒரே இயக்கச் சான்றிதழில் (விமான நிறுவனம் நடத்த அரசு தரும் அனுமதி) பறக்கத் தொடங்கின. விஸ்தாராவை ஏர் இந்தியாவோடு சேர்க்கும் அறிவிப்பு 2022 நவம்பரில் வந்தது, இணைப்பு முடிந்தது 2024 நவம்பர் 12 அன்று. அதில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 25.1 விழுக்காட்டுப் பங்கு கிடைத்தது.

அதாவது ஒன்று முதல் மூன்று வருடம். அந்தக் காலத்தில் மூன்று தேதிகளைக் குறித்து வையுங்கள்: இணைப்பை அறிவித்த நாள், உங்கள் வேலை சட்டப்படி புது நிறுவனத்துக்கு மாறும் நாள், இயக்கச் சான்றிதழ் ஒன்றாகும் நாள். பட்டியலை எந்த நாளின் நிலவரப்படி போடப்போகிறார்கள் என்பது இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். அறிவிப்புக்குப் பிறகு அவசர அவசரமாக ஆள் சேர்ப்பதும் கமாண்ட் கொடுப்பதும் நடந்தால், அது ஏன் நடக்கிறது என்று யோசியுங்கள்.

மூன்றாவது: உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள்

இதைச் செய்யாதவர்கள்தான் கூட்டத்தில் அதிகம் சத்தம் போடுவார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. பெரிய நிறுவனத்தில் 600 விமானிகள், அதில் 300 பேர் கேப்டன்கள், வருடத்துக்கு 22 கேப்டன்கள் ஓய்வு பெறுகிறார்கள். சின்ன நிறுவனத்தில் 200 விமானிகள், 100 கேப்டன்கள், எல்லாரும் இளவயது, வருடத்துக்கு 3 பேர்தான் போகிறார்கள். நீங்கள் சின்ன நிறுவனத்தில் 120ஆவது ஆள். கமாண்டுக்கான வரிசையில் 20ஆவது இடம். இணைப்பே நடக்காவிட்டால் 20ஐ 3ஆல் வகுங்கள், ஏறக்குறைய 6.7 வருடம்.

இப்போது சேர்க்கிறார்கள். மொத்தம் 800 பேர், 400 கேப்டன் இருக்கைகள், வருடத்துக்கு 25 இடம் காலியாகும்.

விகிதப்படி சேர்த்தால், உங்கள் பட்டியலில் 60 விழுக்காட்டில் இருக்கும் நீங்கள் புதுப் பட்டியலிலும் 60 விழுக்காட்டில், அதாவது 480ஆவது இடத்தில் நிற்பீர்கள். வரிசையில் 80ஆவது ஆள். 3.2 வருடத்தில் கமாண்ட்.

சேர்ந்த தேதிப்படி போட்டால், பெரிய நிறுவனத்தில் உங்களுக்கு முன் சேர்ந்தவர்கள் 450 பேர் என்று வையுங்கள். உங்கள் இடம் 570. வரிசையில் 170ஆவது, 6.8 வருடம்.

உங்கள் நிறுவனத்தையே அடியில் ஒட்டினால் இடம் 720. வரிசையில் 320ஆவது, 12.8 வருடம். குழந்தை தொடக்கப்பள்ளியை முடித்து, உயர்நிலைப் பள்ளியையும் முடித்துவிடும்.

மொட்டைக் கணக்குதான், ஒப்புக்கொள்கிறேன். நிஜத்தில் விமான வகை, புது விமானங்களின் வரவு, வேலையை விடுபவர்கள் எல்லாம் சேரும். ஆனால் இதில் ஒன்றைக் கவனியுங்கள். விகித முறை பார்க்க எவ்வளவு நியாயமாகத் தெரிகிறது! எதிர்த்தரப்பில் அதே 60 விழுக்காட்டில் இருப்பவர் 360ஆவது ஆள், இணைப்பு இல்லாவிட்டால் 2.7 வருடத்தில் கேப்டன். விகிதப்படி சேர்த்ததால் அவருக்கு அரை வருடம் நஷ்டம், உங்களுக்கு மூன்றரை வருடம் லாபம். "ஓய்வு பெறப்போவது எங்கள் ஆட்கள், அந்த நாற்காலி எங்களுக்கு வர வேண்டியது" என்று அவர் சொல்வார். அது பொறாமைப் பேச்சு இல்லை. உலகத்தில் எந்த நடுவர் முன் போனாலும் எடைபோடப்படும் வாதம் அது. இணைப்பு நடக்காமல் இருந்திருந்தால் உனக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதுதான் கேள்வி. உங்களுக்கு லாபம் தரும் முறையை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனால் முதல் ஐந்து நிமிடத்திலேயே உங்கள் பேச்சு எடுபடாமல் போகும்.

மற்றவர்கள் பட்ட பாடு

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2001இல் டிடபிள்யூஏ நிறுவனத்தை வாங்கியது. டிடபிள்யூஏ விமானிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பட்டியலின் அடியில் ஒட்டிவிட்டார்கள். விமானிகள் இதை 'ஸ்டேப்பிள்' என்பார்கள், தாளோடு தாளைப் பின் அடிப்பதுபோல. அதே வருடம் செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு ஆள்குறைப்பு வந்தபோது அடியில் இருந்தவர்கள்தான் முதலில் வீட்டுக்குப் போனார்கள். அங்கே விமானப் பணிப்பெண்களும் அதே கதிக்கு ஆளானார்கள். இந்தக் கசப்பிலிருந்துதான் 2007 இறுதியில் மெக்காஸ்கில்-பாண்ட் என்ற சட்டம் பிறந்தது. பட்டியல்களை நியாயமாகச் சேர்க்க வேண்டும், பேசித் தீராவிட்டால் நடுவரிடம் போக வேண்டும் என்றது அது. சிங்கப்பூரில் இதற்கு இணையான சட்டம் இல்லை. இணையத்தில் படிக்கும் அமெரிக்க ஆலோசனைகளில் பாதி இங்கே பொருந்தாமல் போவது இதனால்தான்.

யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் 2005இல் சேர்ந்த கதை இன்னும் மோசம். 2007இல் நடுவர் ஜார்ஜ் நிக்கோலாவ் தீர்ப்புச் சொன்னார். அமெரிக்கா வெஸ்டிடம் இல்லாத பெரிய விமானங்களை ஓட்டிய யுஎஸ் ஏர்வேஸ் விமானிகள் 517 பேரைப் பட்டியலின் உச்சியில் வைத்தார். கீழே வந்தால், 17 ஆண்டு பணி செய்த யுஎஸ் ஏர்வேஸ் விமானி, எதிர்த்தரப்பில் சேர்ந்து சில மாதமே ஆனவருக்குப் பக்கத்தில் நின்றார். வேலையில்லாமல் வீட்டில் காத்திருந்தவர்கள் அதற்கும் கீழே. யுஎஸ் ஏர்வேஸ் தரப்பு கொதித்தது. எண்ணிக்கையில் தாங்களே அதிகம் என்பதால், ஏற்கெனவே இருந்த சங்கத்தை 2008இல் மாற்றிவிட்டுப் புதுச் சங்கமே தொடங்கினார்கள். வழக்குக்கு மேல் வழக்கு. 2013இல் அமெரிக்கனோடு மறுபடி ஓர் இணைப்பு வந்து, எல்லாருக்குமான பட்டியல் முடிவானது 2016இல். 11 வருடம்! இடையில் எத்தனை பேர் பட்டியலைப் பார்க்காமலே ஓய்வு பெற்றிருப்பார்கள்.

ஏர்டிரான் கதை சிறியது. 2011இல் சவுத்வெஸ்டோடு சேரும்போது முதலில் வந்த உடன்பாட்டை ஏர்டிரான் சங்கத் தலைமை உறுப்பினர் வாக்குக்கே விடாமல் நிராகரித்தது. இரண்டாவதாக வந்தது கேப்டன்களுக்கு முதலாவதைவிட மோசம். அதை ஏற்றுக்கொண்டார்கள். முரண்டு பிடிக்க எவ்வளவு பலம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு முரண்டு பிடிக்க வேண்டும்.

யுனைடெட், கான்டினென்டல் பட்டியலில் 2013இல் நடுவர்கள் பணிக்காலத்துக்கு 35 விழுக்காடு, வகிக்கும் பதவிக்கும் விமான வகைக்கும் 65 விழுக்காடு என்று எடை கொடுத்தார்கள். தேதியா விகிதமா என்று சண்டை போடும்போது மூன்றாவது வழியும் உண்டு என்பதற்கு இது உதாரணம்.

நம்மவர்களுக்கு நெருக்கமானது ஏர் இந்தியா. 2007இல் இந்தியன் ஏர்லைன்ஸோடு சேர்த்தார்கள். பெயரும் வால் நிறமும் ஒன்றானது, ஆட்கள் ஒன்றாகவில்லை. சம்பள ஏற்றத்தாழ்வுக்காக 2011இல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் தரப்பு வேலைநிறுத்தம் செய்தது. 2012இல் புது 787 விமானத்துக்கான பயிற்சியை அவர்களுக்கும் கொடுத்தால் தங்கள் பதவி உயர்வு பாதிக்கும் என்று பழைய ஏர் இந்தியா தரப்பு 58 நாள் வேலைநிறுத்தம் செய்தது. பணி நிபந்தனைகளை ஒன்றாக்க வழி சொல்ல 2011இலேயே நீதிபதி தர்மாதிகாரி குழு போட வேண்டியிருந்தது. இணைத்து நான்கு வருடம் கழித்து! விமானங்களைச் சேர்ப்பதற்கு முன் பட்டியலைச் சேர்க்காததன் விலை அது.

நான்காவது: இந்த ஊர்ச் சட்டத்தில் எது உங்கள் பக்கம், எது இல்லை

சென்னையிலோ மும்பையிலோ வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். 58 நாள் வேலைநிறுத்தம் எல்லாம் இங்கே நினைத்துப் பார்க்கும் விஷயமே இல்லை. 1980இல் விதிப்படி வேலை (விதியில் உள்ளதற்கு மேல் எதுவும் செய்யாத போராட்டம்) என்று இறங்கிய அன்றைய விமானிகள் சங்கம் கடைசியில் பதிவையே இழந்தது. இப்போதுள்ள விமானிகள் சங்கமான அல்பா-எஸ் அதற்குப் பிறகு வந்தது.

முதலில் உங்கள் பக்கம் இருப்பது. வேலை நியமனச் சட்டத்தின் 18ஏ பிரிவு. ஒரு நிறுவனம் தன் தொழிலை இன்னொன்றுக்கு மாற்றினால் ஊழியரின் ஒப்பந்தம் முறியாது, அதே நிபந்தனைகளோடு புது முதலாளியிடம் தொடரும். பணிக்காலமும் அறுபடாது. மாற்றம் நடக்கும் முன்பே, எப்போது, ஏன், அதனால் உங்களுக்கு என்ன ஆகும் என்று ஊழியருக்கும் சங்கத்துக்கும் தெரிவித்துக் கலந்து பேச வேண்டும். தகராறு வந்தால் தொழிலாளர் ஆணையர் மாற்றத்தைத் தள்ளிவைக்கலாம், தடுக்கலாம், நிபந்தனை போடலாம். 2019 ஏப்ரல் முதல் இந்தச் சட்டம் மேலாளர், நிர்வாகி என்ற பாகுபாடு இல்லாமல் ஏறக்குறைய எல்லாருக்கும் பொருந்துகிறது.

இப்போது உங்கள் பக்கம் இல்லாதது. தொழில் உறவுச் சட்டத்தின் 18ஆவது பிரிவு. பதவி உயர்வு, நிறுவனத்துக்குள் இடமாற்றம், ஆள் சேர்ப்பு, ஆட்குறைப்பு, வேலை ஒதுக்கீடு போன்றவற்றைச் சங்கம் தன் பேச்சுவார்த்தைக் கோரிக்கையில் சேர்க்க முடியாது. அவை நிர்வாகத்தின் உரிமை. இதன் விளைவைப் பாருங்கள். சீனியாரிட்டியில் இரண்டு பாதி இருக்கிறது. சம்பளப் படி, லீவு நாள், ஆட்குறைப்பின்போது கிடைக்கும் தொகை எல்லாம் ஒரு பாதி. இதற்காகச் சங்கம் பேசலாம், தீராவிட்டால் மனிதவள அமைச்சின் சமரசத்துக்கும் தொழில் நடுவர் நீதிமன்றத்துக்கும் கொண்டுபோகலாம். யார் முதலில் கேப்டன், யார் எந்த விமானத்துக்கு என்பது மற்றப் பாதி. நீங்கள் ராத்திரி தூங்காமல் யோசிப்பது அந்தப் பாதியைப் பற்றித்தான். அதில் நிர்வாகம் மனம்வைத்துக் கலந்து பேசினால்தான் உண்டு.

நிர்வாகங்கள் பல நேரம் பேசத்தான் செய்யும். சண்டைபோடும் இரண்டு பேரை ஒரே காக்பிட்டில் உட்காரவைக்க யாருக்கும் ஆசையில்லை. ஆனால் அவர்கள் காது திறந்திருப்பது பட்டியல் வெளியாவதற்கு முன்னால். வெளியான பிறகு ஒருவரை மேலே ஏற்றினால் இன்னொருவர் கீழே போவார், அவரும் புகார் கொடுப்பார். எந்த மேலாளரும் அந்தக் கதவைத் திறக்க மாட்டார்.

இன்னொன்று. 2003இல் சம்பள வெட்டு உடன்பாட்டுக்குப் பிறகு அல்பா-எஸ் உறுப்பினர்கள் தங்கள் நிர்வாகக் குழுவையே வாக்களித்து நீக்கினார்கள். அரசு அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. 2004இல் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. நிர்வாகக் குழு பேசி முடிக்கும் உடன்பாட்டுக்கு உறுப்பினர்களின் ஒப்புதல் வாக்கு தேவையில்லை என்றானது. ஆகவே 'வாக்கெடுப்பு வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்துவிடாதீர்கள். குழுவில் இருப்பவரிடம் உங்கள் கணக்கைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய நேரம் அவர் பேச்சுவார்த்தைக்குப் போவதற்கு முன்னால்தான். இரண்டு நிறுவனத்து விமானிகளும் ஒரே சங்கத்தில் இருந்தால் சங்கத்தால் ஒரு தரப்பை எடுக்க முடியாது என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். இணைப்புக் குழுவில் உங்கள் தரப்பிலிருந்து எத்தனை பேர், அதில் துணை விமானி ஒருவராவது உண்டா என்று மட்டும் கேளுங்கள். நான் பார்த்த குழுக்களில் பெரும்பாலும் மூத்த கேப்டன்கள்தான். தங்கள் நாற்காலிக்குப் பாதுகாப்பு கிடைத்ததும் அவர்களுக்குப் பசி அடங்கிவிடும்.

தனி ஆளாக வழக்குக்குப் போகலாமா என்று தம்பி கேட்டான். சம்பளப் பாக்கிக்கு முத்தரப்புச் சமரசமும் வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றமும் இருக்கின்றன. உங்கள் எண் 40 படி இறங்கியது சம்பளக் கோரிக்கை ஆகாது.

ஐந்தாவது: கடிதத்தைப் படிக்கும் விதம்

கடிதம் வந்ததும் முதலில் தேட வேண்டியது ஒரே ஒரு விஷயம். இது பழைய ஒப்பந்தத்தின் மாற்றமா, அல்லது புது நியமனமா? இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். புது நியமனம் என்றால் பழைய வேலையை ராஜினாமா செய்துவிட்டு வேறு நிபந்தனைகளுக்கு நீங்களாகவே ஒப்புக்கொள்வதாக ஆகிவிடக்கூடும். அப்போது 18ஏ பிரிவைக் காட்டிப் பேசுவது கடினம்.

பிறகு பணிக்காலம் பற்றிய வரி. 'முந்தைய பணிக்காலம் எல்லா நோக்கங்களுக்கும் கணக்கில் எடுக்கப்படும்' என்று இருந்தால் நல்லது. 'லீவு, பணிக்கொடை ஆகியவற்றுக்காக' என்று மட்டும் இருந்தால் சீனியாரிட்டி வெளியே விடப்பட்டிருக்கிறது. கவனக்குறைவாக விட்டிருக்கலாம், வேண்டுமென்றே விட்டிருக்கலாம். எப்படியானாலும் கேளுங்கள்.

பயிற்சிக்கான பாண்ட் (பயிற்சிக்கு ஈடாக இத்தனை காலம் வேலை செய்வேன் என்ற ஒப்பந்தம்) மிச்சம் இருந்தால் அது புது நிறுவனத்துக்கு மாறுகிறதா, புது விமானத்துக்குப் பயிற்சி கொடுத்தால் இன்னொரு பாண்ட் அதன்மேல் ஏறுமா என்று பாருங்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) இருப்பவர்களுக்கு இன்னும் ஒரு வேலை கூடுதல். அந்த அனுமதி ஒரு குறிப்பிட்ட முதலாளியோடு கட்டப்பட்டது. புது நிறுவனம் உங்களுக்காக எப்போது விண்ணப்பிக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். பட்டியலில் எந்த இடம் என்ற கவலையில் பாஸ் தேதியைக் கோட்டைவிட்டவரை எனக்குத் தெரியும்.

வேலி என்று ஒன்று இருக்கிறதா என்றும் தேடுங்கள். இன்ன விமானத்தின் கேப்டன் இடங்கள் இத்தனை வருடத்துக்கு இந்தத் தரப்புக்கே என்று எல்லை போடுவதை விமானிகள் 'ஃபென்ஸ்' என்பார்கள். என்னைக் கேட்டால் சின்ன நிறுவனத்து இளம் விமானி எண்ணுக்காகச் சண்டை போடுவதைவிட நல்ல வேலிக்காகப் பேசுவது மேல். எண்ணைத் தொட்டால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். ஐந்து வருட வேலிக்கு எதிர்த்தரப்பும் பல நேரம் தலையாட்டும்.

ஆறாவது: எழுதுங்கள்

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். சாரம் இப்படி இருக்கட்டும்:

'நான் தரைப்பயிற்சியில் சேர்ந்தது இந்தத் தேதி, லைன் செக் முடித்தது இந்தத் தேதி, ஆதாரங்களை இணைத்துள்ளேன். இணைந்த பட்டியல் எந்தத் தேதியை அடிப்படையாகக் கொள்ளும், எந்த நாளின் நிலவரப்படி தயாரிக்கப்படும் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். மாற்றல் கடிதத்தில் பணிக்காலம் பற்றிய வாசகம் கமாண்ட் வரிசைக்கும் பொருந்துமா என்பதையும் தெளிவுபடுத்தவும். வரைவுப் பட்டியலைச் சரிபார்க்க எங்களுக்கு அவகாசம் தரப்படுமா?'

இதில் கோபம் இல்லை, கோரிக்கைகூட இல்லை. வெறும் கேள்விகள். ஆனால் நாளைக்குத் தகராறு என்று வந்தால், நீங்கள் எப்போது கேட்டீர்கள், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பது தேதியோடு நிற்கும். மனிதவளத் துறைக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒரு நகல். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

வரைவுப் பட்டியல் வந்தால் அதில் இரண்டு வகைத் தவறு இருக்கும். தேதி, பெயர், பணியாளர் எண் போன்ற எழுத்துப் பிழைகள் ஒரு வகை. அவற்றை அன்றைக்கே சொல்லுங்கள், திருத்துவார்கள். முறையே தவறு என்பது இன்னொரு வகை. அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், உங்கள் நிலையில் இருக்கும் பத்து இருபது பேர் சேர்ந்து ஒரே கணக்கோடு சங்கத்திடம் போங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் எழுத்துப் பிழைகூடத் திருந்தாமல் கிடக்கும்.

விமானத்துக்குள் இந்தப் பேச்சு வேண்டாம். பத்தாயிரம் அடிக்குக் கீழே வேலைக்கு வேண்டாத பேச்சே கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்வது முப்பத்தைந்தாயிரம் அடியில்கூட வேண்டாம் என்று. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எதிர்த்தரப்புக்காரராக இருந்தால் இரண்டு பேருமே அடுத்த நான்கு மணிநேரம் சரியாகப் பேசிக்கொள்ள மாட்டீர்கள். தரையிறங்கும்போது பேசியே ஆக வேண்டும்.

அன்று ராத்திரி தம்பி ஒரு படம் அனுப்பினான். தரைப்பயிற்சிக்கு வரச்சொன்ன பழைய மின்னஞ்சல். பக்கத்திலேயே நிறுவனத்தின் ஊழியர் செயலியில் இருக்கும் தேதி. இரண்டுக்கும் 11 நாள் வித்தியாசம். அந்த 11 நாளுக்குள் இன்னொரு வகுப்பு சேர்ந்திருக்கிறது, 14 பேர். மறுநாள் காலை மனிதவளத் துறைக்கு எழுதிவிட்டான். பதில் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை மறுபடி எழுதச் சொல்லியிருக்கிறேன்.